கொடுத்தவரை மறவாதிருக்க ஒரு பதிவேடு: சிவிசிஆர்எம் மென்பொருள் மதிப்புரை

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் நன்கொடைக் கணக்கைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நான்கு ஆண்டுகளாக இந்தப் பணிக்கு நாங்கள் பயன்படுத்திவருவது சிவிசிஆர்எம் என்ற மென்பொருள். இத்தகைய மென்பொருள்களைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக எத்தனை வசதிகள் இருக்கின்றன, திரை எவ்வளவு அழகாக இருக்கிறது, நன்கொடைப் படிவத்தை எவ்வளவு விரைவாக இணையதளத்தில் ஏற்ற முடிகிறது என்றெல்லாம் பட்டியலிடுவார்கள். நான் இதை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடப் போகிறேன். ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுக்கும்படி அவரோடு உள்ள உறவைக் காப்பாற்றிக்கொள்ள இது உதவுகிறதா என்பதே அந்தக் கேள்வி. புதிய நன்கொடையாளரைத் தேடித் தருவதாகச் சொல்லும் கருவிகள் ஏராளமாக இருக்கின்றன. ஏற்கெனவே வந்தவரைக் கவனிக்கச் சொல்லித் தரும் கருவிகள் குறைவு.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஒரு சிறிய கணக்கால் காட்டிவிடலாம். ஓர் ஆண்டில் 1,000 பேர் நன்கொடை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 45 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டும் கொடுக்கிறார்கள், பிறகும் அதே விகிதம் தொடர்கிறது என்றால், இரண்டாம் ஆண்டில் 450 பேர் இருப்பார்கள், மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 200 பேர், நான்காம் ஆண்டில் 91, ஐந்தாம் ஆண்டில் 41, ஆறாம் ஆண்டில் வெறும் 18 பேர். அதே விகிதம் 60 விழுக்காடாக இருந்தால் 600, 360, 216, 130 என்று இறங்கி ஆறாம் ஆண்டில் 78 பேர் மிஞ்சுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால் பெரிதாகத் தோன்றாத வித்தியாசம், ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் நான்கு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வித்தியாசமாக நிற்கும் அந்த 60 பேரைப் புதிதாகத் தேட ஆகும் செலவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அஞ்சல், விளம்பரம், நிகழ்ச்சி, தன்னார்வலரின் நேரம் என எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு புதிய நன்கொடையாளரைக் கொண்டுவர ஆகும் செலவு அவர் முதன்முறை கொடுக்கும் தொகையைவிடக் கூடுதலாக இருப்பது பல நிறுவனங்களின் அனுபவம். ஆகவே முதல் நன்கொடை பெரும்பாலும் அவரைத் தேடிய செலவுக்கே சரியாகிவிடுகிறது. நிறுவனத்தின் பணிக்கு உண்மையில் உதவுவது இரண்டாவதும் அதற்குப் பின் வருபவையும்தான்.

45 விழுக்காடு என்பது நான் இட்டுக்கட்டிய எண் அன்று. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நிதி திரட்டல் செயல்திறன் திட்டம்' பல்லாயிரம் நிறுவனங்களின் பதிவுகளை ஒப்பிட்டுத் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டுவருகிறது. அதில் மறு ஆண்டும் கொடுப்போரின் விகிதம் நீண்ட காலமாக நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட விழுக்காட்டிலேயே நிற்கிறது. முதன்முறை கொடுத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான் திரும்பி வருகிறார். இரண்டாம் முறையும் கொடுத்துவிட்டவர்களோ பாதிக்கு மேற்பட்டோர் தொடர்கிறார்கள். முதல் நன்கொடைக்கும் இரண்டாம் நன்கொடைக்கும் இடைப்பட்ட அந்த ஓராண்டில்தான் ஒரு நிறுவனம் தன் நல்ல மனிதர்களில் பெரும்பாலோரை இழக்கிறது என்பதே இந்த எண்களிலிருந்து நான் புரிந்துகொண்டது.

நாங்களும் பல ஆண்டுகள் இதை உணராமலே இருந்தோம். ஆண்டு முடிவில் வந்த மொத்தத் தொகை முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடியிருந்தால், எல்லாம் நன்றாக நடப்பதாகவே நிர்வாகக் குழு எடுத்துக்கொண்டது. ஒரு வாசல் வழியாகப் புதியவர்கள் வந்துகொண்டிருந்ததால், மறு வாசல் வழியாகப் பழையவர்கள் சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது கூட்டுத்தொகையில் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒன்றாக எக்செல் தாள்கள் இருந்தன. ஒரே மனிதர் ஒரு தாளில் முழுப்பெயரோடும், மற்றொன்றில் முதலெழுத்து மாறியும், மூன்றாவதில் வெறும் மின்னஞ்சல் முகவரியாகவும் பதிவாகியிருந்தார். அந்தத் தாள்களை அருகருகே வைத்து 'போன ஆண்டு கொடுத்தவர்களில் யார் இந்த ஆண்டு கொடுக்கவில்லை' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவற்றிலிருந்து விடை கிடைத்திருக்காது.

சிவிசிஆர்எம் 2005ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருக்கும் கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, பேக்டிராப் போன்ற இணையதள அமைப்புகளோடு இணைந்து இயங்கும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பதிவுகளுக்கு இதையே பயன்படுத்துகிறது என்பதால், பதிவுகள் பெருகினால் தாங்குமா என்ற கவலை எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களுக்குத் தேவையில்லை. நிறுவும் முறையைப் பற்றி வேறிடங்களில் விரிவாகக் கிடைக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

நான் சொல்ல விரும்புவது ஓர் அறிக்கையைப் பற்றி. நிதி திரட்டுவோர் வட்டாரத்தில் 'லைபண்ட்', 'சைபண்ட்' என்று இரு சொற்கள் வழங்குகின்றன. போன ஆண்டு கொடுத்து, துரதிருஷ்டவசமாக இந்த ஆண்டு கொடுக்காதவர் லைபண்ட். முன்பு ஏதோ ஓர் ஆண்டில் கொடுத்து, இந்த ஆண்டு கொடுக்காதவர் சைபண்ட். சிவிசிஆர்எம்மில் இவை இரண்டும் ஆயத்த அறிக்கைகளாகவே வருகின்றன. ஆறு ஆண்டுத் தாள்களையும் மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றி முடித்த அன்று மாலை, அந்த லைபண்ட் அறிக்கையை முதன்முறையாகத் திறந்தேன். எங்கள் பொருளாளர் ஐயா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயரில் விரலை வைத்து, "இவர் நம்ம பதிவு அறைக்கு மைக் வாங்கிக் கொடுத்தவராச்சே. இவருக்குக் கடைசியா எப்பம்மா கடிதம் போட்டோம்?" என்று கேட்டார். பதிவைத் திறந்து பார்த்தேன். மைக் வாங்கிய ஆண்டில் ரசீதைத் தவிர அவர் பெயருக்கு எங்களிடமிருந்து தனிக் கடிதம் எதுவும் போனதாகத் தெரியவில்லை. மறு ஆண்டு அவர் தாமாகவே மீண்டும் கொடுத்திருந்தார். அதற்கும் ரசீது மட்டுமே போயிருந்தது. அதன் பின் அவர் கொடுக்கவில்லை. அன்று அந்த அறிக்கையை மூடும்போது எங்கள் இருவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

அந்த அறிக்கையில் ஒரு குறையும் உண்டு. அது ஆண்டு என்னும் கோட்டை வைத்துக் கணக்கிடுவதால், ஆண்டின் தொடக்க மாதங்களில் திறந்து பார்த்தால் போன ஆண்டு கொடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் 'கொடுக்காதவர்' பட்டியலில் நிற்பார்கள். ஆண்டின் இறுதியில் திறந்து பார்த்தால் பட்டியல் சரியாக இருக்கும், ஆனால் பலரைப் பொறுத்தவரை காலம் கடந்திருக்கும். ஆகவே இப்போது நாங்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகக் குழுவுக்குக் காட்ட மட்டுமே வைத்திருக்கிறோம். அன்றாட வேலைக்கு, மென்பொருளோடு வரும் 'சர்ச்கிட்' என்ற தேடல் கருவியில் நாங்களே ஒரு தேடலை அமைத்துக்கொண்டோம்: கடைசி நன்கொடை வந்து பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், பதினான்கு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒருவர் பழைய நன்கொடையாளராக மாறுவதற்கு முன்பே, இன்னும் எங்களோடு இருப்பவர் என்ற நிலையிலேயே அவர் பெயர் என் கண்ணில் படுகிறது. இந்தத் தேடலை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது தானே புதிய பெயர்களோடு நிற்கும். இந்த மென்பொருளின் மற்ற எல்லாப் பகுதிகளையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது, பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒரு கட்டம். ஒவ்வொரு நன்கொடைப் பதிவிலும் ரசீது அனுப்பிய தேதிக்கு ஓர் இடமும், நன்றி தெரிவித்த தேதிக்கு வேறோர் இடமும் தனித்தனியாக இருக்கின்றன. இதை வடிவமைத்தவர்கள் தொண்டு நிறுவனங்களின் அன்றாட நடைமுறையை நன்றாக அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ரசீது பணத்துக்கு, நன்றி மனிதருக்கு. கணக்குத் தணிக்கைக்கு முதலாவது போதும். அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கின்றன. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பழைய பதிவுகளை ஏற்றியபோது ரசீதுத் தேதிக் கட்டம் வரிசையாக நிரம்பியிருக்க, நன்றித் தேதிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெற்றிடமாக இருந்ததைப் பார்த்ததுதான் எங்கள் நடைமுறையை மாற்றியது. தேடல் பக்கத்தில் நன்கொடைகளைத் தேர்ந்தெடுத்து, நன்றிக் கடிதங்களை அச்சிடவோ மின்னஞ்சலில் அனுப்பவோ ஒரே இடத்தில் வழி இருக்கிறது. அனுப்பும்போதே நன்றித் தேதியையும் பதிந்துவிடச் சொல்லலாம். பணம் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் அந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி.

ஆனால் கட்டத்தை நிரப்புவதற்காக எழுதும் கடிதத்தால் பயனில்லை என்பதையும் இதே மென்பொருளில்தான் கற்றுக்கொண்டோம். முதல் ஆண்டில் எல்லோருக்கும் ஒரே வார்ப்பில் கடிதம் போனது. "தாங்கள் வழங்கிய மேலான நன்கொடையை நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். தங்கள் நல்லாதரவு என்றும் தொடர வேண்டுகிறோம்" என்று எழுதியிருந்தோம். பெயரை மட்டும் மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும். இலக்கணப் பிழை இல்லாத, மரியாதையான, யாருக்கும் எதையும் சொல்லாத கடிதம் அது. இரண்டாம் ஆண்டில் அதை மாற்றினோம். ஒவ்வொரு மாதமும் பதிவு அறையில் நடந்த ஒன்றை வாசிப்பாளர்களிடம் கேட்டு வாங்கி, அந்த மாதக் கடிதத்தின் முதல் பத்தியாக வைத்தோம். நாங்கள் அனுப்பிய ஒன்றை அப்படியே தருகிறேன்: "உங்கள் பணம் வந்த வாரத்தில் பொருளியல் பாடநூலின் நான்காம் பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். அட்டவணையை வரிசை வரிசையாக வாசிப்பதா, பத்தி பத்தியாக வாசிப்பதா என்று வாசிப்பவருக்கும் கேட்டுச் சரிபார்க்கும் மாணவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. கேட்கப் போகிறவர் மாணவர்தானே என்று அவர் சொன்னபடியே மீண்டும் வாசித்துப் பதிவு செய்தோம். அந்த இரண்டாம் பதிவுக்கான நேரம் உங்கள் நன்கொடையிலிருந்து வந்தது." அடுத்த நன்கொடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பழைய கடிதத்துக்கு ஒருவரும் பதில் எழுதியதில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில்கள் வந்தன. தாமும் வந்து வாசித்துக் கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

நன்கொடையாளர்கள் ஏன் நின்றுபோகிறார்கள் என்பதை நீண்ட காலம் ஆராய்ந்த பேராசிரியர் ஏட்ரியன் சார்ஜென்ட், நின்றுபோனவர்களிடமே காரணம் கேட்டுத் தொகுத்திருக்கிறார். வசதி இல்லை என்றவர்கள் இருந்தார்கள், வேறொரு பணி இதைவிடத் தேவையானது என்று கருதியவர்களும் இருந்தார்கள். அவற்றோடு, அந்த நிறுவனத்துக்கு எப்போதாவது கொடுத்ததாகத் தமக்கு நினைவே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு மனிதர் தம் சம்பாத்தியத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை அவரே மறந்துபோகும் அளவுக்கு, அதைப் பெற்றவர்கள் மௌனமாக இருந்திருக்கிறார்கள். பணத்தட்டுப்பாட்டை நம்மால் தீர்க்க முடியாது. நம்முடைய மௌனத்தை நாம்தான் கலைக்க வேண்டும்.

இனி, பெயர்களையும் உறவுகளையும் இந்த மென்பொருள் கையாளும் விதத்துக்கு வருகிறேன். நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் தவறாமல் கொடுத்துவந்த ஒரு பெரியவர் காலமானார். மறு ஆண்டு அவர் மனைவி, கணவரின் நினைவாக அதே தொகையை அனுப்பினார். அனுப்பும்போது நான்கு வரியில் செய்தியையும் எழுதியிருந்தார். அந்தத் தொகை எங்கள் எக்செல் தாளில் பழைய பெயரிலேயே ஏறியது. ரசீதும் இறந்துபோனவர் பெயருக்கே போனது. அந்த அம்மா கோபப்படவில்லை. "என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து நன்கொடை வரவில்லை. நாங்கள் எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

சிவிசிஆர்எம்மில் ஒருவர் காலமாகிவிட்டார் என்பதைக் குறிக்க ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. குறித்துவிட்டால் அவரை மொத்த மடல்களிலிருந்து விலக்கிவைக்கும். தனிநபர், நிறுவனம் என்பவற்றோடு 'குடும்பம்' என்பதும் ஒரு தனி வகையாகவே இருப்பதால், கணவன் மனைவி இருவரையும் ஒரு வீடாக இணைத்து வைக்கலாம். இன்னார் கொடுத்தது, இன்னார் நினைவாகக் கொடுத்தது என்று ஒரே நன்கொடையோடு இரு பெயர்களைச் சேர்த்துப் பதியவும் இடம் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் கருவி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதை மேற்பார்வை இல்லாமல் ஓடவிடக் கூடாது. தந்தையும் மகளும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தும் வீடுகள் பல உண்டு, அவர்களை ஒருவராக்கிவிட்டால் இன்னொரு தவறு தொடங்கிவிடும். இந்த வசதிகள் எல்லாம் அன்று எங்களிடம் இருந்திருந்தாலும், அந்த அம்மா எழுதிய நான்கு வரியை ஒருவர் படித்திருந்தால்தான் அந்தப் பெட்டி குறிக்கப்பட்டிருக்கும். அதனால் இப்போது நன்கொடையோடு வரும் குறிப்புகளை முதலில் படிப்பது, பிறகு தொகையைப் பதிவது என்று வரிசையையே மாற்றிவிட்டோம்.

மாதந்தோறும் கொடுப்பவர்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். மாத நன்கொடையாளர்கள் ஒருமுறை கொடுப்பவர்களைவிட நெடுங்காலம் நிலைத்திருப்பார்கள் என்பது பொதுவாக உண்மை. ஆனால் அவர்களில் நின்றுபோகிறவர்களில் ஒரு பகுதியினர் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து நின்றவர்கள் அல்லர். வங்கி அட்டையின் காலம் முடிந்திருக்கும், அல்லது தொலைந்து புதிய அட்டை வாங்கியிருப்பார்கள். பணம் எடுக்கும் முயற்சி தோல்வியடைந்து, அவருக்கும் தெரியாமல், நிறுவனத்துக்கும் தெரியாமல் அந்தத் தொடர்பு அறுந்திருக்கும். சிவிசிஆர்எம்மில் தொடர் நன்கொடைகளின் நிலையைப் பார்க்க முடியும், தோல்வியடைந்தவற்றைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் முடியும். ஆனால் எவ்வளவு விவரம் வந்து சேரும் என்பது நீங்கள் இணைத்திருக்கும் பணப்பரிமாற்றச் சேவையையும், அதை மென்பொருளோடு இணைக்கும் நீட்சி என்ற துணை நிரலையும் பொறுத்தது. ஆகவே நன்கொடைப் பக்கத்தைத் திறந்துவிடுவதற்கு முன், தோல்வியடைந்த மாதத் தவணை உங்கள் பதிவில் எப்படித் தெரிகிறது என்பதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வழக்கம், தோல்வி கண்ணில் பட்ட அன்றே தொலைபேசியில் அழைப்பது. பலருக்கு அது ஒரு நிமிட வேலை. புதிய அட்டை எண்ணை இணையத்தில் அவர்களே பதிந்துவிடுகிறார்கள்.

தொலைபேசி வேண்டாம், அஞ்சல் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம் என்று ஒவ்வொருவரின் விருப்பத்தையும் பதிந்துவைக்கும் கட்டங்கள் சிவிசிஆர்எம்மில் தொடக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றைச் சட்டத்துக்காக மட்டும் நிரப்புவதாக நினைக்கக் கூடாது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு, முதியவர்களுக்கு அளவுக்கு மீறி வேண்டுகோள் மடல்கள் அனுப்பப்படுவது பெரும் விவாதமாகி, அதன் விளைவாக மறு ஆண்டே நிதி திரட்டலுக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்பட்டது. ஒருவரைத் தக்கவைப்பது வேறு, அவரைத் துரத்துவது வேறு. 'தொலைபேசி வேண்டாம்' என்று சொன்னவரை அழைக்காமல் இருப்பதும் அவரைத் தக்கவைக்கும் வழிகளில் ஒன்று.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. முதலாவது, உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சர்வர் வேண்டும், மாதந்தோறும் வெளிவரும் புதிய பதிப்புகளைக் கவனித்துப் புதுப்பிக்க ஒருவர் வேண்டும், காப்புப் பிரதி எடுக்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த ஒரு தன்னார்வலரை நம்பித் தொடங்கி, அவர் விலகியதும் தவித்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, நினைவூட்டல் மடல்கள் உரிய நாளில் தாமாகப் போக வேண்டுமென்றால், குறித்த இடைவெளியில் சர்வர் தானே இயக்கும் வேலை ஒன்றைத் தனியாக அமைக்க வேண்டும். இந்த விவரம் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காமல், மடல்கள் போய்க்கொண்டிருப்பதாக இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவது, திரைகள் நெரிசலானவை. கணினியில் அதிகம் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு முதல் பார்வையிலேயே அச்சம் வந்துவிடும். எங்கள் பொருளாளர் ஐயாவுக்கு அவர் பயன்படுத்தும் நான்கு பக்கங்களை மட்டும் ஒரே பட்டியலில் வைத்துக் கொடுத்த பிறகுதான் அவர் தாமாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். நான்காவதாக, எங்களுடைய விகிதம் என்ன, போன ஆண்டு கொடுத்த நூறு பேரில் எத்தனை பேர் இந்த ஆண்டும் கொடுத்தார்கள் என்ற அந்த ஒற்றை எண்ணை முகப்பிலேயே காட்டும் வசதியை நான் எதிர்பார்த்தேன். அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. இரண்டு தேடல்களை வைத்து நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிர்வாகக் குழுவின் கண் முன்னால் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டிய எண் அது. மொத்தத் தொகையைவிட முக்கியமானது என்றுகூடச் சொல்வேன்.

இன்னொரு குறை மென்பொருளுடையது அன்று, அதைக் கையில் வைத்திருக்கும் நம்முடையது. நினைவூட்டல், நன்றி, வாழ்த்து எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட முடியும் என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் அப்படியே ஆக்கிவிடத் தோன்றும். அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் நன்கொடையாளர்கள் பல லட்சம் பேரை வைத்து, ஆறு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. நன்றி சொல்லித் தொலைபேசி அழைப்பு பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மறு ஆண்டு அதிகம் கொடுத்தார்களா என்று பார்த்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லை. நன்கொடை வந்து பல மாதம் கழித்து, நிறுவனத்துக்கு வெளியில் உள்ள அழைப்பாளர்களால் செய்யப்பட்ட அழைப்புகள் அவை. நன்றி சொல்வது வீண் என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலம் தாழ்த்தி, கொடுத்தவரைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர், எழுதிக் கொடுத்ததை வாசிப்பதால் பயன் இல்லை என்றுதான் அது எனக்குச் சொல்கிறது. அந்த ஆய்வைப் படித்த பிறகு, வாழ்த்து மடல்களைத் தானாக அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன். மென்பொருள் எனக்கு நினைவூட்டினால் போதும், எழுதுவது நான்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், சில நூறு நன்கொடையாளர்களும், வாரத்துக்கு அரை நாளாவது இதற்கென்று ஒதுக்கக்கூடிய ஒருவரும், சர்வரைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஏற்பாடும் உள்ள நிறுவனத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நூறு பேருக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல நோட்டுப் புத்தகமும், ஒரே ஒரு எக்செல் தாளும் போதும். அதில் நன்றி சொன்ன தேதிக்கு ஒரு நெடுவரிசையை மட்டும் இன்றே சேர்த்துவிடுங்கள். அந்த அரை நாளை ஒதுக்க யாரும் இல்லாத பெரிய நிறுவனங்களுக்கு இதுவும் உதவாது, இதைவிட விலை உயர்ந்த எதுவும் உதவாது.

மைக் வாங்கிக் கொடுத்தவரை, அந்த அறிக்கையைத் திறந்த மறுநாள் காலையில் பொருளாளர் ஐயாவே அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சுற்றுமடல்களெல்லாம் அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்திருக்கின்றன. "ரெண்டு வருஷமா ஒரு தகவலும் இல்ல, நீங்க மூடிட்டீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "அந்த மைக் இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்டார். வேலை செய்கிறது. அந்தக் கேள்வியை அவருடைய பதிவில் குறிப்புப் பகுதியில் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்; ஒவ்வொரு ஆண்டும் அவருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில், அந்த ஆண்டு அந்த மைக்கில் பதிவான நூல்களின் பெயர்களை எழுதுகிறேன்.